காந்தம் வைத்துப் பார்க்காத நாள்

செல்வா, போன ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் அப்பா மிக்ஸியின் ப்ளக்கையும் ஸ்க்ரூ டிரைவரையும் உன் கையில் கொடுத்து, "கொஞ்சம் டைட் பண்ணிக் குடுடா" என்றார். நீ இரண்டையும் மேஜைமேல் வைத்துவிட்டுச் சிரித்தாய். "வேணாம்ப்பா. நான் தொட்டா நல்லா இருக்கறதும் கெட்டுப்போயிடும். அம்மாகிட்ட குடுங்க" என்றாய். அவரும் சிரித்துக்கொண்டே, "டாக்டர் பட்டம் வாங்கினவருக்கு ப்ளக் மாட்டத் தெரியாதாம்" என்று என்னிடம் நீட்டினார். நான் மாட்டிக் கொடுத்து, சட்னியும் அரைத்து வைத்தேன். மத்தியானம் சாப்பிடும்போது இன்னொன்றும் சொன்னாய். ஜெர்மனியில் நீ சேரப்போகும் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து, கப்பலில் இரண்டு மாதம் போய்க் கடலின் ஆழத்துத் தண்ணீர் எடுத்துவரும் குழுவில் சேர்கிறாயா என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள், மாதக் கடைசிக்குள் பதில் போட வேண்டும், வரவில்லை என்று போடப்போகிறேன் என்றாய். "எனக்குக் கைவேலை வராதும்மா. நான் கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்ற ஆளு" என்றாய். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த நான் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டேன். நீ கவனிக்கவில்லை.

கைவேலை வராது என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். நான்தான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நேரில் சொன்னால் "விடும்மா, பழைய கதை" என்று இரண்டு வார்த்தையில் என்னை வழியனுப்பிவிடுவாய். அது உனக்குக் கைவந்த கலை. அதனால் நம் தாசரஹள்ளி தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என்னிடம் சமையல் குறிப்பு கேட்டு வந்த செயலாளரிடம் இந்தக் கடிதத்தையே கொடுக்கப்போகிறேன். மலர் வருவதற்கு முன்னால் ஒரு பிரதி உன் கைக்கு வந்துவிடும். ஊரே படிக்கும்படி எதற்கு என்று கேட்பாய். பெங்களூர் பீன்யாவில் நான் வேலை பார்த்த ஃபாக்டரியில் ஒரு வழக்கம் உண்டு, உனக்கு ஞாபகம் இருக்கலாம். இன்ஸ்பெக்ஷனில் பாஸான பீஸ் கெட்டுப்போய் வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்தால், அதைப் பாஸ் செய்தவர் பெயரை வாசல் பலகையில் சாக்பீஸால் எழுதிவிடுவார்கள். ஒரு வாரத்துக்கு யாரும் அழிக்கக் கூடாது. வருகிறவர், போகிறவர், டீ கொண்டுவருகிறவர் எல்லாரும் பார்ப்பார்கள். அங்கே இன்ஸ்பெக்டராக இருந்த பத்தொன்பது வருஷத்தில் என் பெயர் அந்தப் பலகையில் ஒருமுறைகூட வந்ததில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. வந்திருக்க வேண்டிய ஒரு நாள் இருந்தது என்று எனக்கும், லேத் ஓட்டிய அந்தோணிக்கும் மட்டும்தான் தெரியும்.

நீ கடல் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது நான் போட்ட கூச்சல் உனக்கு மறந்திருக்காது. கோலார் தங்கவயலில் பிறந்தவள் நான். என் அப்பாவும் அண்ணன்களும் மண்ணுக்கு அடியில் போய் வேலை செய்தவர்கள். அந்தப் பயமெல்லாம் போதும் என்றுதான் பெங்களூரில் வேலை பார்ப்பவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். "நம்ம ஆளுங்க பூமிக்குக் கீழ போய் வந்தது பத்தலன்னு நீ தண்ணிக்குக் கீழ போறியா?" என்று கேட்டேன். எதிர்வீட்டுப் பையன்கள் எல்லாம் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்த காலம். நீ மட்டும் மங்களூர் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன்னை ஹாஸ்டலில் சேர்க்க வந்தபோதுதான் நானும் உன் அப்பாவும் முதல்முறையாகக் கடலைப் பார்த்தோம். அவர் விரலை நனைத்து வாயில் வைத்துப் பார்த்து, "நெசமாவே உப்புதான்" என்றார், யாரோ இத்தனை நாள் பொய் சொல்லியிருப்பார்கள் என்பதுபோல. நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, "இவ்ளோ தண்ணியில நீ எதைடா படிக்கப் போற?" என்றேன். "அடியில மூச்சு முட்டுதாம்மா. அதைப் பத்தி" என்றாய். கடலுக்கு எப்படி மூச்சு முட்டும் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அதைச் சொன்னபோது உன் முகம் இருந்த இருப்பைப் பார்த்து, நான் அதற்குப் பிறகு கூச்சல் போடவில்லை.

அப்புறம் வந்த ஒன்றரை வருஷம்தான் செல்வா, என் வாழ்க்கையிலேயே நான் படித்த காலம். உங்கள் வகுப்பில் நடப்பு ஆராய்ச்சி என்று ஒரு பாடம் இருந்தது. கடலைப் பற்றி உலகத்தில் புதிதாக வந்த கட்டுரை ஒன்றை ஒவ்வொருவரும் தேடிப் படித்து, எல்லார் முன்னாலும் நின்று விளக்க வேண்டும். நடுவில் குறுக்குக் கேள்வி கேட்பார்கள். நீ மாதம் ஒருமுறை பஸ் ஏறி வந்து அந்தப் பேச்சை முதலில் நம் சமையலறையில் ஒத்திகை பார்ப்பாய். அரிசி டப்பாமேல் உன் காகிதங்கள், கேஸ் சிலிண்டர்மேல் நீ. "அம்மாவுக்குப் புரிஞ்சா ப்ரொஃபசருக்கும் புரியும்" என்பாய். அது எனக்குப் பெருமையா கிண்டலா என்று இன்றுவரை தெரியாது. பவளம் வெளுத்துப்போவதைப் பற்றி ஒரு மாதம், கண்ணுக்குத் தெரியாத பாசி கடலில் பூப்பதைப் பற்றி ஒரு மாதம். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பேன். ஆனால் நீ திரும்பத் திரும்பப் போய் நின்ற இடம் அந்த மூச்சுமுட்டல்தான். மழைக்காலத்தில் மேல் தண்ணீர் கரையைவிட்டு விலகிப்போக, அடியிலிருந்து பழைய, குளிர்ந்த தண்ணீர் கரைப்பக்கம் ஏறி வரும் என்றாய். செத்து விழுந்ததெல்லாம் அடியில் அழுகி, தண்ணீரில் இருக்கிற பிராணவாயுவைத் தின்றுவிடும், அங்கே மீன் நிற்க முடியாது என்றாய். "மூடி வெச்ச கிணறு மாதிரியா?" என்று கேட்டேன். "அதேதான்" என்று சிலிண்டரிலிருந்து குதித்தாய்.

ஒரு நாள் நான் இன்னொரு கேள்வி கேட்டேன். "அந்தக் கீழ்த் தண்ணிய மேல தூக்கிட்டு வரச்ச, வழியில மேல் தண்ணி கலந்துடாதா? அப்புறம் நீ அளந்தது எந்தத் தண்ணின்னு எப்படிச் சொல்லுவ?"  "அதான்மா கேள்வி. எங்க கிளாஸ்ல ஒருத்தனும் இதைக் கேக்கல" என்றாய். அன்றைக்குக் குழம்பு அடிப்பிடித்துப்போனது, உன் அப்பா அதையே ஊற்றிச் சாப்பிட்டார், நான் அரசாங்கப் பரீட்சையில் பாஸானவள்போல் நடந்துகொண்டேன். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் நீ அந்த பாட்டிலைப் பற்றிச் சொன்னாய். இரண்டு பக்கமும் திறந்த குழாய் போன்ற ஒரு பாட்டிலைக் கம்பியில் கட்டி ஆழத்துக்கு இறக்குவார்கள். சரியான ஆழம் வந்ததும், மேலேயிருந்து அதே கம்பியில் ஒரு பித்தளை எடையை மாட்டி விடுவார்கள். அது வழுக்கிக்கொண்டே கீழே போய் பாட்டிலின் விசையைத் தட்டும். இரண்டு மூடியும் அந்த ஆழத்திலேயே படாரென்று மூடிக்கொள்ளும். அந்த எடைக்கு மெசெஞ்சர் என்று பெயர் என்றாய். மேலே கொண்டுவந்த தண்ணீரில் இரண்டு மருந்தைச் சொட்டினால், பிராணவாயு இருந்தால் காபி டிகாஷன் நிறம் வரும், இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும் என்றும் சொன்னாய். எனக்கு ஏனோ அந்த வெள்ளையைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

உங்கள் டிபார்ட்மென்டில் இருந்த மெசெஞ்சர்கள் ஒன்றொன்றாகக் கடலில் விழுந்து தொலைந்துபோயின. புதிதாக வாங்க எழுதிப் போட்டால் வருவதற்குள் மழைக்காலம் முடிந்துவிடும் என்றாய். அந்த ஆண்டு உன் ப்ராஜெக்டே அந்தத் தண்ணீர்தான். "அம்மா, உங்க ஃபாக்டரியில செஞ்சு தர முடியுமா?" என்று இன்லண்ட் லெட்டரில் படம் போட்டு அனுப்பினாய். உருளையை நெடுக்காக இரண்டாகப் பிளந்தது போன்ற பித்தளை, நடுவில் கம்பிக்கு ஓட்டை, இரண்டு பாதியையும் சேர்க்க ஒரு கீல். கீலுக்கு உள்ளே போகும் பின் ஸ்டெயின்லெஸ் என்று எழுதி, அதன் அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாய். முதலாளியிடம் கேட்டேன். "மகனிகா? மாடிகொள்ளி, மாடிகொள்ளி" என்று கன்னடத்தில் சம்மதம் சொன்னார். அந்தோணி மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் லேத்தில் கடைந்து கொடுத்தான். நான் என் கையாலேயே பாலிஷ் போட்டேன். முகம் பார்க்கலாம், அப்படி மின்னியது. பின் போட வேண்டியதுதான் பாக்கி. அந்த அளவு ஸ்டெயின்லெஸ் கம்பி ஸ்டோரில் இல்லை. எஸ்.பி. ரோடு இரும்புக் கடைகளுக்குப் போய் வாங்கி வந்தால் அரை நாள் ஆகும். அதை உன்னிடம் கொண்டுவர வேண்டிய உன் சிநேகிதனோ சாயங்காலமே மங்களூர் பஸ் ஏறுகிறான்.

பம்ப் ஆர்டருக்காக வந்த நிக்கல் பூசிய இரும்புப் பின்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன. அதே அளவு, அதே பளபளப்பு. ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அந்தோணி தயங்கினான். "இன்னாக்கா, டிராயிங்ல ஸ்டெயின்லெஸ்னு போட்டுகீது?" என்றான். "ஒரு வருஷமா மூடியில்லாத டப்பாவுல கெடக்குது, ஒரு பொட்டு துரு பாத்தியா நீ?" என்றேன். "அது இங்கக்கா. அங்க உப்பாச்சே." "மூணு மாசத்துக்குத்தானே. போடு, போடு." அவன் போட்டான். ஸ்டெயின்லெஸ் என்று எது வந்தாலும் காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நான் பாஸ் என்று பச்சைப் புள்ளி வைப்பேன். ஒட்டினால் திருப்பி அனுப்பிவிடுவேன். மற்றவர்கள் மாமன் மச்சானுக்குச் செய்த பீஸைக்கூட அப்படித் திருப்பியிருக்கிறேன், என்னைத் திட்டாத ஆள் அந்த ஷெட்டில் கிடையாது. அன்றைக்குக் காந்தத்தை எடுக்கவே இல்லை. ஒட்டும் என்று தெரிந்துதானே எடுக்கவில்லை. பச்சைப் புள்ளி வைத்தேன். இரும்பு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பொட்டலத்துக்குள் போட்டிருந்தால்கூட நீ மங்களூரிலேயே மாற்றிக்கொண்டிருப்பாய். அதையும் செய்யவில்லை. அம்மா கேட்ட உடனே செய்து முடித்து அனுப்பினாள் என்று நீ சொல்ல வேண்டும் என்ற ஆசை எனக்கு.

நீ சொல்லவும் செய்தாய். வகுப்பில் எல்லாரிடமும் காட்டி "எங்கம்மா ஃபாக்டரியில செஞ்சது" என்றாயாம். முதல் நாள் கடலுக்குப் போனபோது ஒழுங்காக வேலை செய்தது. பிறகு வாடகைக்கு எடுத்த மீன்பிடி போட்டில் மூன்று நாள் போனீர்கள். அதற்குள் கீலுக்குள்ளே துரு ஏறிவிட்டது. மெசெஞ்சர் சரியாக மூடாமல் பாதி வழியில் கம்பியைக் கவ்விக்கொண்டு நின்றது. இழுக்கும்போது குலுங்கி விடுபட்டுப் போய்த் தட்டியது. அதற்குள் பாட்டில் மேல் தண்ணீருக்கு வந்துவிட்டிருந்தது. நீ எடுத்த அடித்தண்ணீர் எல்லாம் மேல்தண்ணீர்தான். மருந்து சொட்டிய ஒவ்வொரு பாட்டிலும் டிகாஷன் நிறத்துக்கு வந்தது. வழியில் கலந்துவிடாதா என்று சமையலறையில் கேட்டு மார்தட்டிக்கொண்டவளே அதைக் கலக்கவும் வைத்தாள். உன் ப்ரொஃபசர் மெசெஞ்சரைத் திறந்து பார்த்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் கழுவி வைப்பது மாணவனின் வேலை என்றாராம். உனக்கு வாந்தி வந்து படுத்துவிட்ட ஒரு சாயங்காலம் நீ கழுவவில்லை. அந்த ஒரு சாயங்காலத்தை நீயே உன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாய்.

அந்த மெசெஞ்சரைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து மேஜைமேல் வைத்தாய். "கழுவி வைக்க மறந்துட்டேன்மா. மூணு நாள் சேம்பிளும் போச்சு. அடுத்த சீசன் போட் இன்னொருத்தனுக்குக் குடுத்துட்டாங்க" என்றாய். நான் கீலைப் பார்த்தேன். பழுப்பாக ஊதியிருந்தது. அது ஒரு சாயங்காலத்துத் துரு இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. நல்ல ஸ்டெயின்லெஸ்ஸாக இருந்திருந்தால் நீ மூன்று நாளும் கழுவாமல் விட்டிருந்தாலும் அப்படி ஆகியிருக்காது. அந்த நிமிஷம் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். என்ன சொன்னேன் தெரியுமா? "பரவால்ல விடு. அடுத்த தடவ மறக்காம கழுவி வை" என்றேன். நீ தலையாட்டினாய். குழந்தைமாதிரி தலையாட்டினாய் செல்வா. மறுநாள் அந்தோணியிடம் விஷயத்தைச் சொன்னேன். "சொல்லிடுக்கா, பையன் பாவம்" என்றான். சொல்கிறேன் என்றேன். அப்புறம் அவன் அத்திபெலேயில் சொந்தமாக லேத் போட்டுப் போய்விட்டான். கேட்பதற்கும் ஆள் இல்லாமல் போயிற்று.

ஏன் சொல்லவில்லை என்று நானே என்னைப் பலமுறை கேட்டிருக்கிறேன். முதலில் என் கௌரவம். கொஞ்ச நாள் போகட்டும், அவன் வருத்தம் ஆறட்டும் என்று அதற்கு ஒரு நல்ல சட்டை மாட்டிவிட்டேன். நீ மங்களூர் படிப்பை முடித்துப் பட்டம் வாங்கி வந்த அன்றைக்கு உண்மையிலேயே சொல்ல ஆரம்பித்தேன், பக்கத்துவீட்டுக்காரர்கள் ஸ்வீட் கேட்டு வந்துவிட்டார்கள். அவர்கள் வந்தது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அப்புறம் இன்னொரு காரணம் சேர்ந்துகொண்டது, இதுதான் எல்லாவற்றிலும் மோசம். நீ போட்டை விட்டுவிட்டு, செயற்கைக்கோள் எடுத்த கடல் படங்களைக் கம்ப்யூட்டரில் பார்க்கிற வேலைக்கு மாறினாய். தரையிலே இருந்தாய். நாற்காலியில் இருந்தாய். புயல் செய்தி வந்தாலும் கேட்டுவிட்டுத் தூங்கப்போவேன். என் பொய் உன்னைப் பத்திரமாக உட்கார வைத்திருக்கிறது என்று எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது. எல்லாம் நன்மைக்கே, அதனால்தானே இன்றைக்கு ஜெர்மனி என்று உன் அப்பா சொல்வார். நீயும் அதையே சொல்லி என்னைத் தேற்ற வருவாய். வேண்டாம். நன்றாக முடிந்தது என்பதால் நான் செய்தது சரியாகிவிடாது.

அதற்கு எனக்குத் தண்டனையும் கிடைத்தது, அதை நீ அறியமாட்டாய். நீ எனக்கு விளக்குவதை நிறுத்திவிட்டாய். கோபமெல்லாம் இல்லை. வருவாய், சாப்பிடுவாய், என் முட்டிவலிக்கு மாத்திரை வாங்கி வைப்பாய். "என்னடா ஆராய்ச்சி நடக்குது?" என்றால் "அதே படம்தாம்மா, சொன்னா போர் அடிக்கும்" என்பாய். நீ ஊருக்குப் போனபிறகு ஆங்கிலப் பத்திரிகையில் கடல் என்ற வார்த்தையைத் தேடித் தேடிப் பார்த்திருக்கிறேன். ஒரு முறை பாசியைப் பற்றி வந்திருந்தது. எழுத்துக்கூட்டிப் பாதிவரை படித்தேன். நீ சொல்லியிருந்தால் நான்கு வெங்காயம் நறுக்கும் நேரத்தில் புரிந்திருக்கும் என்று நினைத்து, பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு அழுதேன். பிள்ளை தூரதேசத்தில் இருக்கிறான் என்று ஏங்குகிற தாய்மார்களை எனக்குத் தெரியும். எனக்கு நீ எதிரில் உட்கார்ந்து சாப்பிடும்போதே அந்த ஏக்கம் இருந்தது.

அதனால் உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி ஒன்றே ஒன்றுதான். அங்கே போய் நீ தப்புச் செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு. ஒரு நாள் தாண்டினால் அது தப்போடு நிற்காது, அதைச் சுமக்க வேறு யாரையாவது பிடித்துக்கொள்ளும். நான் உன்னைப் பிடித்துக்கொடுத்தேன். ஏழு வருஷம் நீ சுமந்தாய். ப்ளக்கைக்கூடத் தொடப் பயப்படுகிற அளவுக்குச் சுமந்திருக்கிறாய் என்று போன ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு உறைத்தது. இதைப் படித்துவிட்டு உனக்குக் கோபம் வந்தால் கோபப்படு, பெரிய மனுஷன்போல உடனே மன்னித்துவிடாதே. கொஞ்ச நாள் என்னோடு பேசாமல் இருந்தாலும் நான் உன் அப்பாவைத் தூது அனுப்பமாட்டேன். ஆனால் அந்தக் கோபத்தில் மாதக் கடைசியை மட்டும் தவறவிட்டுவிடாதே. வரவில்லை என்று எழுதி வைத்த பதிலைக் கிழித்துவிட்டு, வருகிறேன் என்று எழுது.

அந்தக் கப்பலிலிருந்து வீட்டுக்குப் பேச முடியாது, இரண்டு மாதமும் ஃபோன் கிடையாது என்று உன் அப்பாவிடம் நீ சொன்னதும் என் காதில் விழுந்தது. வேறு காரணங்களோடு இதையும் ஒரு காரணமாகச் சேர்த்துச் சொன்னாய், அம்மா பயந்துபோவாள் என்று. பயப்படத்தான் போகிறேன். இத்தனை வயதுக்குமேல் புதிதாகத் தைரியம் எங்கே கிடைக்கும்? தினமும் வானிலை கேட்பேன், உன் அப்பாவைத் தூங்கவிடமாட்டேன், சாமிக்கும் மாதாவுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்வேன். அதெல்லாம் என் பாடு. நீ அங்கே மேல்தளத்தில் நின்று, மற்றவர்களிடம் கொடுத்துவிடாமல் உன் கையாலேயே பாட்டிலை மூடித் தண்ணீர் எடு. மருந்து சொட்டிப் பார். அது வெள்ளையாக நின்றால், யாருக்கும் சொல்வதற்கு முன்னால் எனக்குச் சொல்ல வேண்டும் என்று உனக்குத் தோன்றுமா செல்வா?